தலை எண்ணிக்கை சரி

அந்தக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. கீழ்வீட்டுத் தையல்காரியிலிருந்து பால் பாக்கெட் போடுகிறவர்வரை எல்லாருக்கும் அவள் கண்டக்டர்தான். ஒன்பது வருடம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவள். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து சம்பளமில்லாத விடுப்பில் வீட்டோடு இருக்கிறாள். விடுப்பு என்பது பேச்சுக்குச் சொல்வது. பஸ்ஸிலாவது கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் டீ குடிக்கலாம். இந்த வண்டிக்குக் கடைசி ஸ்டாப்பே கிடையாது.

இரட்டையர் இருவரும் பையன்கள், ஒன்றரை வயது. ஒருவன் வாயைத் திறந்தால் மூன்று மாடிக்கும் கேட்கும் என்பதால் அவன் இடி. இன்னொருவன் சத்தமே போடமாட்டான். ஆனால் கண், மூக்கு, வாய், கீழே என்று எங்காவது ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டே இருப்பான். அவன் மழை. இந்தப் பட்டப்பெயர்களை வைத்தது அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். காலை ஏழு மணிக்குக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், யாராவது எங்காவது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். அவர்களையெல்லாம் மீட்டுவிட்டு அவர் வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பவளை மீட்க எந்த மெக்கானிக்கும் இல்லை என்று கண்டக்டர் ஒருநாள் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். நாலு வயது. வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். நாலு வயதில் என்ன பெரியவள் என்று கேட்டால், மற்ற இரண்டும் சின்னதாக இருப்பதால் பெரியவள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

பெரியவளைப் பற்றிக் குறை சொல்ல ஆளே கிடையாது. தானே பல் தேய்ப்பாள். தானே சாப்பிடுவாள். தம்பிகளுக்கு டயப்பர் மாற்றும்போது கேட்காமலே துடைக்கிற துணியை எடுத்து நீட்டுவாள். “உனக்கென்னம்மா, தங்கமான பொண்ணு” என்று தையல்காரி வாய்க்கு வாய் சொல்வாள். கண்டக்டருக்கும் அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, பாலர் பள்ளி டீச்சர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை.

“உங்க பொண்ணு எதையுமே கேக்கறதில்லைங்க. தண்ணி வேணும்னாகூட, மத்த பிள்ளைங்க கேட்டு வாங்கறப்போ கூட்டத்தோட தானும் டம்ளரை நீட்டுவா. நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு நாப்பது தடவை ‘மிஸ், மிஸ்’னு வந்து நிக்கணும். இவ வர்றதே இல்ல” என்றாள் டீச்சர்.

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, புகாராக எடுத்துக்கொள்வதா என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டில்கூட இவள் கடைசியாக எப்போது எதையாவது கேட்டு அடம்பிடித்தாள்? யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வருவதற்குள் இடி கட்டிலிலிருந்து தலைகீழாக இறங்கிவிட்டான். யோசனை அத்தோடு போயிற்று. ஆனால் குத்தல் போகவில்லை. இந்தப் பிள்ளை தன் கையைவிட்டு எங்கேயோ நழுவிக்கொண்டிருக்கிறது, அதை நின்று பார்க்கத் தனக்கு நேரமில்லை என்ற பயம் அன்றிலிருந்து அவளுக்கு உண்டு.

மாடி ஏறுவதற்கு அவர்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. இரண்டு பையன்களையும் இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டால் கண்டக்டருக்கு வேறு கை கிடையாது. எனவே வெளியே போய் வந்தால் இரட்டைக் குழந்தை வண்டியையும் பைகளையும் பெரியவளையும் கீழே படிக்கட்டோரம் நிறுத்திவிட்டு, பையன்களோடு மேலே ஏறிப்போய் அவர்களைக் கம்பித் தொட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பி வருவாள். “முதல் டிரிப் தம்பிங்க. ரெண்டாவது டிரிப் நீயும் பையும். சரியா?” என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தாள். அதற்கப்புறம் சொல்ல வேண்டியே வரவில்லை. பெரியவள் பைக்குப் பக்கத்தில் பையைப்போலவே நிற்பாள். மேலே இடி கத்துகிற கத்தலில் கண்டக்டர் இறங்கி வரச் சில நாள் பத்து நிமிடம் ஆகும். அப்போதும் நின்ற இடத்திலேயே நிற்பாள்.

அன்றைக்குப் பையன்களுக்கு ஊசி போடுகிற நாள். விடிந்ததிலிருந்தே வீடு அல்லோலகல்லோலம். கஞ்சிக் கிண்ணத்தை மழை தொப்பிபோலக் கவிழ்த்துக்கொண்டான். அவனைக் குளிப்பாட்டுவதற்குள் இடி செருப்பு அலமாரியைக் காலி செய்திருந்தான். கண்டக்டர் இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. பல் தேய்த்தோமா இல்லையா என்று ஈர பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பத்து மணி வாக்கில், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு எதை வைத்தோம் என்று மறந்து நின்றபோது, நின்றபடியே ஒரு நிமிடம் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாருமே இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பாலர் பள்ளியில் பெரியவளைக் கூட்டிக்கொண்டு நேரே ஊசி போடுகிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரட்டை வண்டியைக் கொண்டுவரவில்லை. அது பஸ் வாசலில் நுழையாது. எத்தனையோ அம்மாக்களிடம் “மடக்கி ஏத்துங்கம்மா, வழியை அடைக்காதீங்க” என்று அவளே எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு குழந்தை கையில் இருக்கும்போது அந்த வண்டியை மடக்க மூன்றாவது கை வேண்டும் என்பது தனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே இடுப்பில் இரண்டு, தோளில் பை, பக்கத்தில் பள்ளியில் கொடுத்த மஞ்சள் தொப்பியோடு பெரியவள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஊசி விழ இடமில்லாத கூட்டம். அதில் பாதிப் பிள்ளைகள் தலையில் அதே மஞ்சள் தொப்பி. எல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான். ஜன்னலோரம் காலியான ஒரு நாற்காலியில் பெரியவளை உட்காரவைத்து, “அம்மா வந்து கூப்பிடற வரைக்கும் இங்கேயே இரு” என்று சொல்லிவிட்டுப் பையன்களோடு உள்ளே போனாள்.

உள்ளே நடந்ததைச் சொல்லி மாளாது. இடிக்கு ஊசி ஏறியதும் அவன் போட்ட சத்தத்தில் இன்னும் ஊசி போடாத மழை முன்கூட்டியே அழ ஆரம்பித்து, அழுத வேகத்தில் கண்டக்டர் தோளில் வாந்தி எடுத்தான். “கூடத்து வழியா போகாதீங்கம்மா, நெரிசலா இருக்கு. இந்தக் கதவு நேரா ரோட்டுக்குப் போகும்” என்று நர்ஸ் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வந்தால், எதிரே ஸ்டாப்பில் அவள் ஏற வேண்டிய பஸ் நிற்கிறது. பஸ்ஸைக் கண்டால் ஓடுவது ஒன்பது வருடப் பழக்கம். ஓடினாள். முன்னால் படியில் ஒரு மஞ்சள் தொப்பி ஏறிக்கொண்டிருந்தது. ‘சமத்து, முன்னாலேயே வந்து ஏறிட்டா’ என்று நினைத்தாளோ, நினைத்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டாளோ, அவளுக்கே தெரியாது.

அந்த பஸ் கண்டக்டர் அவளுக்குத் தெரிந்தவர்தான். ஒரே டிப்போ. மீதிச் சில்லறையை இறங்கும்போது தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். டிப்போவில் அவருக்குச் சில்லறை என்றே பெயர்.

“வாம்மா வா, குடும்பத்தோட கிளம்பிட்டியா? எத்தனை பேர்?”

“மூணு உருப்படிண்ணே, என்னையும் சேத்தா நாலு” என்றவள், இருக்கையில் விழுந்தாள். பக்கத்து ஜன்னலோரம் மஞ்சள் தொப்பி. மடியில் இரண்டு தலை. ஒன்று, இரண்டு, மூன்று. தலை எண்ணிக்கை சரி. நிறைந்த வண்டியில் அறுபது தலையை ஒரே பார்வையில் எண்ணிவிடுவாள் என்று டிப்போவில் அவளுக்கு நல்ல பெயர். எண்ணுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் எண்ணிக்கை தப்பும்.

மூன்றாவது ஸ்டாப்பில், கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவர் குனிந்து, “எழுந்திரு கண்ணா, இறங்கணும்” என்றார். மஞ்சள் தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே முன்பல் விழுந்த ஒரு பையன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

கண்டக்டருக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை; ஏதோ கணக்கு உதைக்கிறதே என்ற குழப்பம்தான். மறுபடி எண்ணினாள். இரண்டு.

“அண்ணே, வண்டியை எடுக்காதீங்க! பெரியவளை விட்டுட்டேன். ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்துட்டேன்!”

போன் செய்யலாம் என்று ஊசி அட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரி எண் அச்சிட்டிருந்த மூலையை, வரிசையில் காத்திருந்தபோதே மழை மென்று தின்றிருந்தான். ரூட் வண்டியைத் திருப்ப முடியாது. அது அவளுக்குத் தெரியாததா? எதிர்ப்பக்கம் வரும் வண்டிக்குக் காத்திருக்கலாம். அது எப்போது வரும் என்று யார் கண்டது? இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடினால், ஒரு ஸ்டாப் தூரம் போவதற்குள் மூச்சு நின்றுவிடும். வண்டியில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்தார்கள். “பெத்த பிள்ளையை மறந்துட்டு வர்றதா?” என்று பின்னால் ஒரு குரல். அந்தக் குரலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில்லறை தோள்பையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். “இவனுங்களை என்கிட்ட குடுத்துட்டு நீ ஓடு. ரெண்டு ஸ்டாப்ல வண்டி கடைசி முனைக்குப் போயிடும். திரும்பி வர்றப்போ ஆஸ்பத்திரி வாசல்ல வந்து தரேன். இருபது நிமிஷம். ஓடும்மா!”

அவள் ஒரு வினாடி தயங்கினாள் என்று சொல்ல ஆசைதான். தயங்கவில்லை. ஒன்றரை வருடமாக இறக்கி வைக்காத இரண்டையும் தூக்கி அவர் கைகளில் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். இடியின் அலறல் பஸ்ஸோடு தேய்ந்துபோயிற்று. கை இரண்டும் காலியாக இருந்தன. ஆனாலும் முழங்கைகள் மடங்கியபடியே இருந்தன. கையில் இல்லாத இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள்போல அவள் ஓடினாள். மருந்துக்கடை, சைக்கிள் கடை, பூட்டிக் கிடந்த வங்கி. பெரியவள் அழுதுகொண்டிருப்பாள், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், ரோட்டில் இறங்கித் தேடியிருப்பாள் என்று ஒன்றை மிஞ்சி ஒன்றாகக் கண்முன்னால் வந்தன. கடவுளே, அழுதுகொண்டாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. ஜன்னலோர நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அழவில்லை. அழுத தடமும் இல்லை. அம்மாவைக் கண்டதும் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

டோக்கன் கொடுக்கிற பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே வந்தாள். “நீங்கதான் அம்மாவா? நல்லா இருக்கும்மா உங்க கதை! எனக்குத்தான் பதறிப்போச்சு. அம்மா எங்கடா, அழாதடான்னா, அது எனக்குத் தைரியம் சொல்லுது. ‘அம்மா தம்பிங்களை விட்டுட்டு வருவாங்க. நான் ரெண்டாவது டிரிப்’ங்குது. அப்படின்னா என்னங்க?”

கண்டக்டருக்கு நெஞ்சில் அறைந்ததுபோல் இருந்தது. பிள்ளை பயந்திருந்தால் தேற்றியிருக்கலாம், கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். பிள்ளை பயப்படவே இல்லை. ஆஸ்பத்திரியில் தனியாக விட்டுவிட்டுப் போனது அவளுக்கு ஒரு புதிய விஷயமாகவே படவில்லை. படிக்கட்டு கொஞ்சம் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். இதைவிட அவள் தரையில் புரண்டு கத்தியிருக்கலாம்.

“தம்பிங்க எங்கம்மா?” என்று கேட்டாள் பெரியவள்.

“பஸ்ல இருக்காங்க. இப்ப வருவாங்க. வா.”

தூக்கினாள். பெரியவளைத் தூக்கி எத்தனை நாளாயிற்று என்று கைக்குத்தான் தெரிந்தது. எடை வேறாக இருந்தது, நீளம் வேறாக இருந்தது. பிள்ளைக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். ஸ்டாப் பெஞ்சில் மடியில் உட்காரவைத்தபோதும் முதுகைச் சாய்க்காமல், யாரோ விருந்தாளிபோல நுனியில் இருந்தாள்.

“அம்மா உன்னை மறந்துட்டேன்டா” என்றாள் கண்டக்டர். பொய் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. “தப்பு அம்மாமேல. உனக்குக் கோவமா?”

பெரியவள் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். “கோவமில்லை. கால் வலிக்குது.”

“கால் வலிக்குதா? ஏன், விழுந்தியா?”

“இல்ல. ஷூ.”

கண்டக்டர் ஷூவைக் கழற்றினாள். கழற்றுவதே கஷ்டமாக இருந்தது. சாக்ஸை உரித்தால், உள்ளே ஐந்து விரலும் மடங்கிப்போய், சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து, அது காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது. ஒரு நாளில் வந்த புண் இல்லை அது. இன்னொரு காலும் அப்படியே. காலையில் ஷூவைத் தானே போட்டுக்கொள்கிற பிள்ளை என்று ஊர் பூராவும் பெருமையடித்த ஷூ.

“எப்பலேருந்துடா வலிக்குது?”

“ரொம்ப நாளா.”

“அம்மாகிட்ட சொல்லலாம்ல? ஏன்டா சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றாள் பெரியவள். பெரிய மனுஷிபோல, சமாதானம் சொல்கிற குரலில். “உன் கை காலியானதும் சொல்லலாம்னு.”

கண்டக்டர் அழுதாள். நடுப்பகலில், ரோட்டோரத்தில், வாந்திக் கறைச் சட்டையோடு, நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதாள். எதற்கென்று பிரித்துச் சொல்ல அவளாலும் முடியாது. புண்ணுக்கும், மறந்ததற்கும், ஒன்றரை வருடமாகச் சரியாகத் தூங்காததற்கும் சேர்த்துத்தான். பெரியவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவள் உதடும் கோணியது. அம்மா அழுகிறாளே என்று அழுதாளா, கால் வலியென்று அழுதாளா தெரியாது, ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பசிக்கிறது என்றாள். தண்ணீர் வேண்டும் என்றாள். பள்ளியில் ஒரு பையன் தன் சிவப்புக் கிரேயானை உடைத்துவிட்டான், அது போன வாரம் நடந்தது, அதற்கும் இப்போது அழுதாள். கண்டக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் அந்தச் சின்னப் பாதத்தைவிட்டு எடுபடவில்லை.

பஸ் வந்து நின்றது. சில்லறை படியில் நின்று உதட்டில் விரல் வைத்தார். “ஷ்! கத்தாதே. ரெண்டும் தூங்கிடுச்சு. டிரைவருக்குப் பின் சீட்ல படுக்க வச்சிருக்கேன், ஒரு அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. பொண்ணு கிடைச்சுதா? அப்பாடா! இந்தா பாரு, இப்ப இவனுங்களைத் தூக்கினா முழிச்சுக்கும். நீ எப்படியும் எதிர்ப்பக்க வண்டிதானே புடிக்கணும்? இந்த வண்டியே மார்க்கெட் முனை போய்த் திரும்பி வரும், அரை மணி. அப்ப நீ ஏறிக்கோ. என்ன சொல்ற?”

பஸ் வந்ததைப் பார்த்ததுமே பெரியவள் அழுகையைப் பாதியில் விழுங்கிவிட்டாள். மடியிலிருந்து அவசரமாகச் சறுக்கி இறங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புண்பட்ட காலை ஷூவுக்குள் திணிக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் அந்த ஷூவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

படியேறிப்போய்ப் பையன்களை ஒருமுறை பார்த்தாள். இரண்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. மழையின் வாய் வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், நான் மார்க்கெட் முனைவரை போகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று கையால் சாடை காட்டினாள். கண்டக்டர் இறங்கி வந்தாள்.

“சரிண்ணே. போயிட்டு வாங்க” என்றாள்.

பெரியவள் வெறுங்காலோடு பெஞ்சில் நின்றுகொண்டு பஸ்ஸையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “தம்பிங்க முழிச்சுக்கிட்டா?”

“முழிச்சுக்கட்டும்.”

“அழுவாங்களே!”

“கொஞ்ச நேரம் அழட்டும்” என்று சொல்லிக் கண்டக்டர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் அதே இரண்டு கைதான் இருக்கும், மூன்றாவது முளைக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இடுப்பு விட்டுப்போகிற வலி. பஸ் கிளம்பியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷூ கடை ஒன்று திறந்திருந்தது.

பாதி ரோடு தாண்டுவதற்குள் பெரியவள் கேட்டாள், “அம்மா, விளக்கு எரியற ஷூ வேணும்.”